பின்கதவின் பெருமூச்சு

மனிதர்களுக்குப் பேய் பிடித்தால் ஓட்டுவதற்கு ஆள் உண்டு. வீட்டுக்குப் பிடித்தாலும் உண்டு. வண்டிகளைத்தான் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் விட்டிருந்தார்கள். அந்தப் பெருங்குறையைத் தீர்த்துவைக்க ஒருநாள் துருவோட்டி வந்து சேர்ந்தார்.

பழைய பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அவர் கடை விரித்தார். முதலில் ஒரு பால் வண்டி வந்தது. அப்புறம் பள்ளிக்கூட வேன்கள் வந்தன. பிறகு ஒரு ஆம்புலன்ஸே வந்து வரிசையில் நின்றது. அதைப் பார்த்தபிறகு ஜனங்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. ஊரார் உயிரைக் காப்பாற்றுகிற வண்டியே வந்து நிற்கும்போது, நம்முடைய ஓட்டை வண்டி எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் அங்கே வழி கேட்பதற்காக நிறுத்தியவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அவரும் கூட்டத்தைப் பார்த்து மயங்கி, ஒரு டோக்கன் வாங்கிவிட்டார்.

துருவோட்டியின் தத்துவம் ரொம்ப எளிமையானது. ஒரு எண்ணெய்ப் பீப்பாய் மேல் ஏறி நின்று தினமும் அதைச் சொல்வார்.

"பேய் பிடிக்குது. பித்துப் பிடிக்குது. துருவும் பிடிக்குது. பிடிக்கிறதெல்லாம் ஒரே இனம். இல்லேன்னா நம்ம முன்னோர் எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையை வெச்சிருப்பாங்களா? யோசிங்க."

ஜனங்கள் யோசித்தார்கள். அதாவது, தலையாட்டினார்கள். சளியும்தான் பிடிக்கிறது. நாம் பஸ்ஸைப் பிடிக்கிறோம், பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடிக்கிறோம், சில பேரைப் பார்த்த மாத்திரத்திலேயே நமக்குப் பிடித்தும் போகிறது. இத்தனையையும் ஓட்டப் புறப்பட்டால் ஒரு பீப்பாய் போதாது. ஆனால் வரிசையில் நிற்பவனுக்கு இடம் போய்விடுமோ என்ற கவலைதான் பெரிசே தவிர, இலக்கணம் பெரிசல்ல.

தத்துவம் முடிந்ததும் வித்தை. ஒட்டுத்தாள் ஒன்றும் இல்லாத சீசா ஒன்றை எடுப்பார். பிரஷ்ஷால் அதைத் தொட்டுத் துருவின் மேல் பூசுவார். கண்ணெதிரே, செம்பழுப்பாக இருந்த துரு கன்னங்கரேலென்று மாறும். "கருகிடுச்சு பாத்தீங்களா," என்பார். கூட்டம் ஒரேயடியாக மூச்சை இழுத்துக்கொள்ளும். அந்தத் திரவம் எந்த ஹார்டுவேர் கடையிலும் ஆணிக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் நடுவில் சாதுவாக உட்கார்ந்திருக்கிற சரக்கு. துருவை நன்றாகச் சுரண்டி, ஈரம் போகக் காயவைத்து, அப்புறம் பூசினால் உண்மையிலேயே நல்ல சரக்கு. அப்படித்தான் அதன் ஒட்டுத்தாளில் எழுதியிருக்கும். துருவோட்டி ஒட்டுத்தாளோடு சேர்த்து அந்தப் பக்குவத்தையும் கிழித்துப் போட்டுவிட்டார். சுரண்டுவதில் என்ன அதிசயம் இருக்கிறது, கூட்டம் கூடுவதற்கு? கருத்த இடத்தின் மேல், பள்ளம் தூர்க்கிற புட்டி மாவை அப்பி, பெயின்டை அடித்து, வண்டியை வழியனுப்பிவிடுவார்.

அப்படி வழியனுப்பப்பட்ட வண்டிகளில் ஒன்று, பல்லுக்காரம்மா வீட்டு வெள்ளை வாடகைக் கார்.

அவளுக்குப் பல்லில் ஒரு குறையும் கிடையாது. பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்ததால் தெருவில் வைத்த பெயர் அது. அவள் புருஷன் டிரைவர். சொந்த வண்டிதான், ஆனால் பழசு. வருஷா வருஷம் அதிகாரிகளிடம் காட்டி, ஓடத் தகுதியானது என்று சான்று வாங்கவேண்டும். கதவில் துரு தின்ற ஓட்டை இருந்தால் சான்று கிடைக்காது. சான்று இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அந்த வீட்டில் இருந்த மூன்றாவது ஆள் டிரைவரின் அக்கா. தனியாளாகிப்போய்த் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவர், ஒரு தையல் கம்பெனியில் வேலை. காலையில் மூவரும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். பல்லுக்காரம்மா முன்னால், நாத்தனார் பின்னால் இடதுபக்கம்.

துரு பிடித்ததும் அதே இடதுபக்கப் பின்கதவுதான். கீழ் ஓரமாகக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. டிரைவர் போய் டோக்கன் வாங்கினார். சீசா திறக்கப்பட்டது, துரு கருத்தது, புட்டி ஏறியது, கதவு புதுசு போல் பளபளத்தது. டிரைவர் அதைத் தடவித் தடவிப் பார்த்து ஆனந்தப்பட்டார். அப்புறம் மழை வந்தது. மழை நின்ற பிறகு பார்த்தால், பழைய கொப்புளங்கள் குஞ்சும் குளுவானுமாகத் திரும்பி வந்திருந்தன.

இங்கேதான் துருவோட்டியின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டவேண்டும். மருந்து பலிக்கவில்லை என்றால் சாதாரண வியாபாரி மருந்தை மாற்றுவான். இவர் குற்றவாளியை மாற்றினார். மருந்தில் குறையில்லை, வீட்டில்தான் குறை என்றார். வண்டியில் வருகிற யாரோ ஒருவருடைய பெருமூச்சு அந்தத் தகரத்தில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மூச்சு நிற்காமல் துரு நிற்காது. அது யார் மூச்சு என்பதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு கருவி இருந்தது. டாக்டர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற அதே ஸ்டெதாஸ்கோப்தான்.

டிரைவர் வீட்டார் மூன்று பேருமாகப் போனார்கள். வரிசையில் நிற்கும்போது துருவோட்டியின் கையாள் ஒருவர் ஈரத் துண்டோடு வந்தார். வாயெல்லாம் சிரிப்பு. ஐயா பார்ப்பதற்கு முன்னால் வண்டி சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே துடைத்தார். துடைத்தபடியே ஊர்க்கதை பேசினார். யார் யார் இந்த வண்டியில் வருவீர்கள், யார் எங்கே உட்காருவீர்கள், அக்கா உங்களோடுதான் இருக்கிறாரா, பாவம், அவருக்குக் குடும்பம் எங்கே என்று அக்கறையாக விசாரித்தார். டிரைவர் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் ஒப்பித்தார். துடைத்து முடித்தவர், மறந்தாற்போல் துண்டை இடதுபக்கப் பின்கதவின் கண்ணாடி விளிம்பில் போட்டுவிட்டுப் போனார். பஸ்ஸில் நாம் சீட்டுக்குத் துண்டு போடுகிறோம் அல்லவா, அதுபோல அவர் பழிக்குத் துண்டு போட்டார்.

துருவோட்டி வந்தார். நான்கு கதவிலும் குழலை வைத்துக் கேட்டார். துண்டு கிடந்த கதவுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு பொண்ணு. வாழ்க்கை கைவிட்டுப்போன பொண்ணு. தினம் இந்தக் கதவோரம் சாஞ்சு பெருமூச்சு விடறா. அந்த மூச்சு உள்ள இருக்கிறவரைக்கும் இந்த வண்டி விளங்காது. வண்டி நிக்கிற வீடும் விளங்காது."

நாத்தனார் காரை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். திரும்பி வரும்போதும் அவர் காரில் ஏறவில்லை, பஸ்ஸில் வந்தார்.

செய்தி தெருவுக்குள் அவர்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பல்லுக்காரம்மாவை மாடிப்படியில் நிறுத்தி, உனக்கு விடிவுகாலம் பிறந்துவிட்டது என்று காதோடு வாழ்த்துச் சொன்னாள். அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. பல்லுக்காரம்மாவுக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். கழுவிக் கவிழ்த்த டம்ளரை நாத்தனார் மறுபடி எடுத்துக் கழுவுவார். ஆள் இருக்கும்போதே மின்விசிறியை நிறுத்துவார். பல்லுக்காரம்மா துணி பிழிகிற அழகைப் பற்றி அவருக்கு ஒரு நிரந்தரமான அபிப்பிராயம் இருந்தது. இனிமேல் டம்ளர்கள் ஒரே தடவை கழுவப்படும் என்று நினைத்தபோது பல்லுக்காரம்மாவுக்கு ஒரு நிமிஷம் இனிக்கத்தான் செய்தது. மனசு என்றால் அப்படித்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் காலையில் அந்த இனிப்பு போய்விட்டது. நாத்தனார் விடிந்ததுமே நடந்து கிளம்பியிருந்தார். கார் அவரைப் பாதி வழியில் பிடித்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். நாத்தனார் கையை வீசி, போ போ என்றார். கார் தன்னைத் தாண்டும்வரை சுவரோரம் ஒதுங்கி, கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றார். தன் மூச்சு வண்டியில் பட்டுவிடக்கூடாதாம்.

பல்லுக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் துருவோட்டி மேல், அப்புறம் தன் மேல். மாடிப்படியில் இனித்த அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. டம்ளரை எத்தனை தடவை வேண்டுமானாலும் கழுவட்டும். அந்தக் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. பக்கத்தில் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அக்காவும் வேண்டும், வண்டியும் வேண்டும். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முந்தின நாளிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் நாத்தனார் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். தையல் கம்பெனிப் பக்கத்தில் ஒரு அறையில் நாலைந்து பெண்களோடு தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நல்ல போர்வையை மட்டும் பெட்டியில் வைக்காமல் மடித்துக் கட்டில்மேல் போட்டார். உங்களுக்கு ஆகும் என்றார்.

பல்லுக்காரம்மா நேராக வாசலுக்குப் போய் அந்தக் கதவின் முன்னால் குந்தினாள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய பல் சுரண்டி ஒன்று அவளிடம் இருந்தது, தையல் மிஷின் அழுக்கு எடுக்க வீட்டில் வைத்திருந்தது. அதன் கொக்கி முனையால் ஒரு கொப்புளத்தைக் குத்தினாள். பெயின்ட் தோலாக உரிந்தது. அடியில் புட்டி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதற்கும் அடியில் ஈரத்துரு, சொதசொதவென்று. சொத்தையை எடுக்காமல் மேலே அடைத்துவிட்டால் பல் உள்ளுக்குள்ளேயே எப்படிக் கரையும் என்று தினமும் பார்க்கிறவள் அவள். பெருமூச்சு விட்டு ஒரு பல்லும் சொத்தையானதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்டது. மழை நின்று எத்தனையோ நாளாகிவிட்டது. டிரைவரைக் கூப்பிட்டு ஆட்டச் சொன்னாள். அவரும் கேட்டார். கேட்டதும் அவர் முகம் போன போக்கே சரியில்லை.

விஷயம் இதுதான். கண்ணாடி ஓரமாக இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே போவதற்காக எல்லாக் கார்க் கதவுகளிலும் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். போன வருஷம் நாத்தனார் இறங்கும்போது அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிச் செருப்பு நனைகிறது என்று சொல்லியிருக்கிறார். அக்கா கால் நனைவதைத் தம்பியால் பொறுக்க முடியுமா? ஏதோ ஒழுகுகிறது என்று நினைத்து, கெட்டிப் பசையை உருட்டி அத்தனை ஓட்டைகளையும் ஒன்றுவிடாமல் அடைத்துவிட்டார். அன்றிலிருந்து கதவு, கதவாக இல்லை. தொட்டியாகிவிட்டது.

பல்லுக்காரம்மா சுரண்டியால் பசையை நோண்டி எடுத்தாள். செங்கல் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து வாசல் முழுக்க ஓடியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். உங்கள் மூச்சு இல்லை அண்ணி, உங்கள் தம்பியின் பாசம்தான் இந்தக் கதவைத் தின்றிருக்கிறது என்றாள்.

நாத்தனார் அந்தச் சிவந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பாத்தியா. எனக்காக அடைச்சதுதானே? அப்பவும் என்னாலதான்."

கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஏமாறுவதை விடக் கொடுமை இது. தலைக்குள் ஒருவன் ஒன்றை ஏற்றிவிட்டால், எதிரே நிற்கிற சாட்சியைக்கூட அவன் கட்சிக்கே பேச வைத்துவிடுகிறோம். வீட்டு வாசலில் நிரூபித்துப் பிரயோசனம் இல்லை என்று பல்லுக்காரம்மாவுக்குப் புரிந்தது. பழி எங்கே ஏறியதோ அங்கேயேதான் அதை இறக்கவேண்டும்.

அவள் புருஷனிடம் ஒரே ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டாள். தோற்றால் நானே அண்ணிக்குப் பெட்டி கட்டித் தருகிறேன் என்றாள். டிரைவர் பயந்து பயந்து சம்மதித்தார். அவர்கள் வண்டி எந்த மாடலோ அதே மாடல், அதே வெள்ளை, ஊரில் வாடகைக்கு ஓடுகிற கார்களில் பாதி. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கடையில் அந்தக் கதவுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. டிரைவர் நல்லதாக ஒன்றைத் தேடினார். பல்லுக்காரம்மா மோசமானதைத் தேடினாள். அவர்கள் கதவுக்கு அண்ணன் என்று சொல்லும்படி, அடியெல்லாம் துரு பூத்த ஒரு இடதுபக்கப் பின்கதவு அகப்பட்டது. இது எந்த வண்டியுடையது என்று கடைக்காரரிடம் கேட்டாள். அவர் சொன்ன பதிலைக் கேட்டதும் அவளுக்கு அந்தக் கதவின் மேல் பாசமே வந்துவிட்டது. கடைக்காரரையும் கூட வரச் சொன்னாள். அவருக்கு வேடிக்கை என்றால் கடையைக் கூடப் பூட்டிவிடுவார்.

பட்டறையில் பழைய கதவைக் கழற்றி, இந்தக் கதவை மாட்டினார்கள். நாத்தனாருக்கு இந்த மாற்று வேலை ஒன்றும் தெரியாது. கடைசித் தடவையாக ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லித்தான் பஸ்ஸில் வரவழைத்தார்கள்.

மனையில் அன்றைக்கும் நல்ல கூட்டம். துண்டுக்காரர் வழக்கம்போல் வந்து துடைத்து, அதே கதவில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார். துருவோட்டி வந்ததும் பல்லுக்காரம்மா பணிவாகக் கை கட்டி நின்றாள். வீட்டை விட்டு ஒரு ஆளை அனுப்புவது சாமானியமான காரியம் இல்லை, ஆகையால் எல்லாரும் கேட்கும்படி ஐயா இன்னொரு தடவை உறுதி பண்ணவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். ஐயாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கூட்டத்தை நெருங்கி வரச் சொன்னார். குழலைக் கதவில் வைத்தார். கண்ணை மூடினார். இந்தத் தடவை உதட்டையும் கடித்துக்கொண்டார்.

"அதே மூச்சுதான். முன்னைவிட அதிகமா இருக்கு. வருஷக்கணக்கா இந்தக் கதவிலயே சாஞ்சு சாஞ்சு அழுதிருக்கு இந்தப் பொண்ணு."

"வேற யாரோட மூச்சாவும் இருக்க வாய்ப்பில்லீங்களா?" என்று பல்லுக்காரம்மா கேட்டாள்.

"கைரேகை மாறினாலும் மாறும், மூச்சு மாறாது."

"இதே கதவுலதான் வருஷக்கணக்கா?"

"இதே கதவுலதான்மா. தகரமே சொல்லுது."

நாத்தனார் கூட்டத்தின் ஓரத்தில் கைக்குட்டையை வாயில் பொத்தியபடி தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். பல்லுக்காரம்மா கடைக்காரரைப் பார்த்தாள். அவர் சாவதானமாக முன்னால் வந்து, இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கதவின் உள்பக்க அட்டையைத் திருகிக் கழற்றினார். ஒரு தட்டுத் தட்டினார்.

இறகுகள் விழுந்தன. வெள்ளை இறகு, பழுப்பு இறகு, பஞ்சு மாதிரிக் குட்டி இறகு. கொத்துக் கொத்தாக விழுந்து, காற்றில் கிளம்பி, ஒன்று துருவோட்டியின் ஸ்டெதாஸ்கோப்பிலேயே போய் ஒட்டிக்கொண்டது.

"இது நேத்துதான் என் கடையில வாங்கின கதவு," என்றார் கடைக்காரர். "ஒரு கோழிப் பண்ணைக்காரர் வண்டியில இருந்தது. பின் சீட்டையே கழட்டிட்டுக் கூடையா ஏத்துவார். இந்தக் கதவோரம் கோழியைத் தவிர ஒருத்தரும் உக்காந்ததில்லை."

துருவோட்டி லேசுப்பட்டவரா? விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது அவருக்கு. இறகை மெல்ல எடுத்து ஊதிவிட்டு, கோழிக்கும் உயிர் இருக்கிறது, உயிர் இருந்தால் மூச்சு இருக்கிறது, மூச்சு இருந்தால் பெருமூச்சும் இருக்கும் என்று கம்பீரமாக ஆரம்பித்தார். நம்புவீர்களோ மாட்டீர்களோ, கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் அதற்கும் ஆடின. பாவம், வெட்டப்போகிற கோழி அழத்தானே செய்யும் என்று ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கமும் சொன்னார்.

அப்போதுதான் நாத்தனார் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, அதே மூச்சுன்னு சொன்னீங்க. மாறவே மாறாதுன்னு சொன்னீங்க. அப்போ நான் கோழி மாதிரியா மூச்சு விடறேன்?"

அவர் கேட்டதில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனாலேயே அது போய்த் தைத்தது. முதலில் பால் வண்டிக்காரர் சிரித்தார். அப்புறம் பள்ளிக்கூட வேன் டிரைவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வரிசையின் கடைசிவரை போய், என்ன விஷயம் என்றே தெரியாதவர்களும் சிரித்துவிட்டுத்தான் விசாரித்தார்கள். யாரோ ஒருவர் கொக்கரித்துக் காட்டினார். தத்துவத்தை எதிர்த்து ஆயிரம் பேசலாம், துருவோட்டிக்குப் பதில் இருக்கும். கொக்கரிப்புக்கு எந்தத் தத்துவத்தில் பதில் இருக்கிறது?

ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு லாரிக்காரர். போன மாதம் அவருடைய லாரிக் கதவிலும் இந்தக் குழல் வைக்கப்பட்டது. அன்றிலிருந்து, பழி விழுந்த அவருடைய அம்மா தம்பி வீட்டு மாடிப்படியின் கீழ் படுத்துக்கொண்டிருக்கிறார். லாரிக்காரர் துருவோட்டியிடம் ஒன்றும் கேட்கவில்லை, அடிக்கவும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு, ஹாரன்மேல் ஹாரன் அடித்தபடி அம்மாவைக் கூட்டிவரப் போய்விட்டார். அதைப் பார்த்த பிறகு கூட்டத்தின் சிரிப்பு வேறு மாதிரி ஆனது. டோக்கன்கள் ஒவ்வொன்றாகப் பீப்பாய் மேல் விழ ஆரம்பித்தன.

துருவோட்டி பின்பக்கமாகத் தன் காரில் ஏறப் போனார். ஜனங்கள் சும்மா விடவில்லை, முதலில் அந்தக் காரைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு பொட்டுத் துரு இல்லை. கதவடியில் ஓட்டைகள் திறந்து சுத்தமாக இருந்தன. அடிப்பாகம் முழுக்க துருவைத் தடுக்கிற மெழுகெண்ணெய் கெட்டியாகப் பூசியிருந்தது. தன் வண்டி என்று வந்தபோது ஐயா மூச்சையும் பேச்சையும் நம்பவில்லை, தண்ணீர் வடிகிறதா என்றுதான் பார்த்திருக்கிறார். அவரவர் கொடுத்த கட்டணத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்த பிறகே அந்தக் கார் மனையை விட்டு நகர முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லுக்காரம்மா வீட்டு வாசலில் இரண்டு நாற்காலிகளின் மேல் பழைய கதவு படுத்துக்கிடந்தது. டிரைவர் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தார். பல்லுக்காரம்மா சுரண்டியால் மடிப்புகளுக்குள் நோண்டினாள். நாத்தனார் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, இரும்பு வெள்ளையாகப் பளிச்சிடும்வரை விடாமல் தேய்த்தார். ஒருவர் தேய்த்த இடத்தை மறுபடி தேய்ப்பதில் அவருக்கு இணை கிடையாது என்பது இந்த வேலையில் எத்தனை உபயோகம் என்று பல்லுக்காரம்மா அன்றுதான் கண்டாள். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு ஏறிவிடும். நீ தேய்ச்ச லட்சணத்தைப் பார் என்று நாத்தனார் திட்டினார், உங்கள் மூக்குக்கண்ணாடியை முதலில் துடையுங்கள் என்று பல்லுக்காரம்மா திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேர் குரலும் தெருக்கோடிவரை கேட்டது. டிரைவருக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஓட்டை விழுந்த இடத்துக்குப் புதுத் தகடு வைத்துப் பட்டறையில் பற்றவைத்தார்கள். வெயிலில் நன்றாகக் காயவிட்டார்கள். ஹார்டுவேர் கடைத் திரவத்தை, ஒட்டுத்தாளைப் படித்து அதன்படியே பூசினார்கள். அதன் மேல் ப்ரைமர், அதன் மேல் பெயின்ட், உள்பக்கம் மெழுகெண்ணெய். அடி ஓட்டைகளில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது என்று டிரைவருக்கு வீட்டில் கண்டிப்பான உத்தரவு. சான்று கொடுக்கிற அதிகாரி கதவை விரலால் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த வண்டிக்குப் போனார். பெட்டியிலிருந்த துணிகள் திரும்ப அலமாரிக்குப் போயின.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் ஜனங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே. ஒருநாள் காலை பல்லுக்காரம்மா வாசல் கதவைத் திறந்தால், தெருவில் ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் நின்ற பால் வண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த ஆளையே ஓட்டிட்டீங்களாமே. உங்களுக்கு எப்பலேருந்துங்க இந்தச் சக்தி? எங்க வண்டியையும் ஒரு தடவை தொட்டுக் குடுங்க."

பல்லுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து நாத்தனார் கையில் உப்புத்தாளோடு வந்தார். ஆளுக்கு ஒரு தாளாக அந்த வரிசை முழுவதற்கும் கொடுத்தார்.

"இவகிட்ட ஒரு சக்தியும் இல்லை. அந்த ஆளை ஒரு கேள்வி கேட்டா, அவ்வளவுதான். துருவை வீட்டிலயே தேய்க்கலாம், யோசிக்கிறதையும் வீட்டிலயே செஞ்சுக்கலாம். ரெண்டுக்கும் வரிசையில நிக்க வேண்டாம், போங்க."